கண் திறக்க இடம் போதவில்லை

1

இந்தக் கதை ஒரு சின்னச் சாம்பல் நிறப் பெட்டியிலிருந்து வந்தது. கணினித் திரையின் நடுவில் அது திடீரென்று முளைக்கும். உள்ளே ஆங்கிலத்தில் ஒரே வரி: நினைவகம் போதாததால் நீங்கள் கேட்டதைச் செய்ய முடியவில்லை. கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான். சரியில்லை என்று சொல்வதற்குப் பொத்தான் கிடையாது.

அகராதியை வைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்த நாளில் எனக்கு மெய் சிலிர்த்தது. இதற்கு மேல் என்னால் நினைவு வைத்துக்கொள்ள முடியவில்லை என்று ஓர் இயந்திரம் ஒப்புக்கொள்கிறது. மனிதர்கள் யாரும் என்னிடம் இவ்வளவு மரியாதையாக ஒப்புக்கொண்டதில்லை.

‘நான்’ என்று எழுதத் தொடங்கினால் பேனா இரண்டாவது வரியில் நின்றுவிடுகிறது. அதனால் அவளுக்குத் தாரணி என்று பெயர் வைத்திருக்கிறேன். வயது பதினெட்டு. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. என்னைவிட ஓர் அங்குலம் உயரம் கொடுத்திருக்கிறேன். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். இரண்டை அடித்துவிட்டேன், ஆனால் கிழிக்கவில்லை. கிழிப்பது எனக்கு வராது.

முதல் தொடக்கம்: ‘கணினி என்பது இருபதாம் நூற்றாண்டின் இணையற்ற...’ (இது பள்ளிக்கூடக் கட்டுரை. அதிலிருந்து தப்பித்துத்தானே வந்தேன்.)

இரண்டாவது: ‘1999ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஜோகுபாளையத்தில் நல்ல தூறல்...’ (தூறல் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. கதையில் மழை பெய்தால் ஆழமாக இருக்கும் என்று நினைத்துப் போட்டது.)

மூன்றாவது: ‘அந்த அம்மாள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் புகைப்படத்துக்கு நின்றாள். அந்த ஒரு முறையும் கண்ணை மூடிக்கொண்டாள்.’

இதை அடிக்கவில்லை. இங்கிருந்தே போகலாம்.

3

உஷா அக்காவின் ஸ்டுடியோ ஜோகுபாளையத்தில் ஒரு மாவு மில்லுக்குப் பக்கத்தில் இருந்தது. மில் ஓடத் தொடங்கும்போது டியூப் லைட் ஒரு தடவை சிமிட்டும். முன்னறையில் உஷா அக்கா பாஸ்போர்ட் படம் எடுப்பாள். பின்னறையில் கணினி. அதற்கு இரண்டு பேர். நோயல் அண்ணா அதைப் பழுது பார்ப்பான், புதுப்பிப்பான், திட்டுவான். தாரணி அதில் படம் திருத்துவாள். கல்யாணப் பெண்ணின் பருவை எடுப்பது, கிழிந்த பழைய படத்தை ஒட்டுவது, ஊருக்குப் போனதால் குடும்பப் படத்தில் விட்டுப்போன மருமகனைக் கொண்டுவந்து ஓரத்தில் நிறுத்துவது.*

* மருமகனின் தலை பெரிதாகிவிட்டது என்று ஒரு வீட்டில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவர் தலையே அப்படித்தான் என்று நேரில் பார்த்தபோது தெரிந்தது. சிறியதாக்கிக் கொடுத்தோம்.

அந்த ஜூலையில் நோயல், கணினிச் சாமான் விற்கும் எஸ்.பி. ரோடிலிருந்து படம் திருத்தும் மென்பொருளின் புதிய பதிப்பைச் சிடியில் கொண்டுவந்து ஏற்றினான். பழைய பதிப்பில் ஒரே ஒரு அடி பின்னால் போகலாம். கடைசியாகச் செய்த தவறை மட்டும்தான் திருத்தலாம். அதற்கு முந்தைய தவறோடு வாழ வேண்டியதுதான். புதியதில் ஓரமாக ஒரு பட்டியல் இருந்தது. கை செய்த ஒவ்வொன்றும் அதில் வரிசையாக விழும்: தூரிகை, தூரிகை, அழிப்பான், தூரிகை. எந்த வரியைத் தொட்டாலும் படம் அந்த நிமிஷத்துக்குத் திரும்பிப் போய்விடும்.

தாரணி முதல் நாள் ஒரு வேலையும் செய்யவில்லை. அந்தப் பட்டியலில் மேலேயும் கீழேயும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். தான் செய்ததையெல்லாம் இப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, குற்றம் சொல்லாமல் குறித்து வைத்துக்கொள்வார் என்று அவள் நினைத்ததே இல்லை.

4

லாவண்யா என்று ஒரு பெண் வந்தாள். திருப்பத்தூர்க்காரி. கம்பெனி ஒன்றில் வேலை, அல்சூரில் ஹாஸ்டல். கையில் ஒரு கல்யாணக் குரூப் போட்டோ. மூன்றாவது வரிசையில் அவளுடைய அம்மா, ஃபிளாஷ் அடித்த அதே நொடியில் கண்ணை மூடியபடி. அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வருஷத் திதி. வேறு படம் இல்லை. வாக்காளர் அட்டைக்கு உட்காரவைத்து எடுத்தது வேறு யாரோ மாதிரி இருக்கிறதாம்.

கண் மூடியிருக்கும் படத்தைச் சுவரில் மாட்டி மாலை போட மாட்டேன் என்று அவளுடைய அப்பா பிடிவாதமாக இருந்தார். அது செத்த பிறகு எடுத்தது மாதிரி இருக்கிறதாம். ஒரு வருஷமாக அந்தச் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

லாவண்யா கேட்டது இதுதான்:

“எங்கம்மா கண்ணும் என் கண்ணும் ஒண்ணுதாங்க. எங்க ஊர்ல யாரை வேணா கேளுங்க. என் கண்ணை எடுத்து அதுக்கு வெச்சிடுங்க.”

உஷா அக்கா அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, அம்மாவின் தலை திரும்பியிருந்த அதே கோணத்தில் திருப்பிப் படம் எடுத்தாள். சனிக்கிழமை மதியம் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில். அதற்குள் படம் வேண்டும்.

5

புதன், வியாழன் இரண்டு நாளும் தாரணி வேலை செய்தாள். குரூப்பிலிருந்து முகத்தைப் பிரித்துப் பெரிதாக்கினாள். மகளின் கண்ணை எடுத்து, இமையை அம்மாவின் வயதுக்குத் தளர்த்தி, ஓரத்தில் சுருக்கம் சேர்த்து, மெல்ல இறக்கினாள். இரண்டு கண்ணும் பொருந்தி, இதை முகத்தோடு ஒன்றாக்கு என்று சொல்லும் இடத்தில் அந்தச் சாம்பல் பெட்டி வரும். ‘சரி’யை அழுத்தினால் எல்லாம் போய்விடும்.

ஐந்து முறை. ஐந்து முறையும் கண் திறக்கும் நேரத்தில்தான்.

நோயல் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தான். அணைத்துப் போட்டான். மென்பொருளுக்கு ஒதுக்கியிருந்த நினைவகத்தைக் கூட்டினான், குறைத்தான். டப்பாவைத் திறந்து டேபிள் ஃபேனை அதன் முன்னால் வைத்தான். நினைவகச் சில்லான ராமைப் பிடுங்கி, அதன் பித்தளைப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினான்.* பட்டியல் நினைவு வைக்கும் அடிகளை நூறிலிருந்து இருபதாக, ஐந்தாகக் குறைத்தான். பழைய பதிப்புக்கே போய்விடலாம் என்று பார்த்தால் அதன் சிடியில் குறுக்காக விரிசல்.

* இது உண்மையாகவே செய்வதுதான், நான் ஜோடிக்கவில்லை. நினைவைச் சரிசெய்ய ரப்பர்.

“ஆன்ட்டிக்கு நம்ம மூஞ்சியைப் பாக்க இஷ்டமில்ல போல,” என்றான் நோயல். “கண்ணைத் தொறந்தா முதல்ல தெரியறது நான்தானே.”

“உன்னைப் பாத்தா உயிரோட இருக்கறவங்களே மூடிக்குவாங்க, சும்னே இருடா,” என்றாள் உஷா அக்கா முன்னறையிலிருந்து, பாதி கன்னடத்தில்.

தாரணி சிரிக்கவில்லை. ஆறாவது முறை, ஒன்றாக்குவதற்கு முன்னால் அவள் நிறுத்திக்கொண்டாள். ஓரப் பட்டியலில் ஐந்து வரி மேலே போனாள். அம்மாவின் கண் மூடியது. கீழே வந்தாள். திறந்தது. மறுபடி மேலே. மறுபடி கீழே. போன வருஷம் எரித்த ஒரு பெண், அவளுடைய விரலுக்குக் கீழே கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தாள். தாரணிக்குப் பயம் வரவில்லை. கோயிலில் திரை விலகும்போது பின்னால் நிற்பவர்கள் எக்கிப் பார்ப்பார்களே, அப்படி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றாள்.

(அதை யாருக்கும் காட்டவில்லை. இப்போது உங்களுக்குத்தான்.)

6

நோயலைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அவனைக் கோமாளியாக எழுதிவிட்டேனோ? முந்தைய ஒரு பிரதியில் அவனை வில்லனாக்கிப் பார்த்தேன். ‘அவன் அந்தப் பக்கங்களை உரக்கப் படித்தான். உஷா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு...’ அடித்துவிட்டேன். அவன் அப்படிச் செய்பவனா என்று தெரியாதபோதே தாரணி அவனைப் பார்த்துப் பயந்தாள். அந்தப் பயம் அவளுடையது. அதை அவன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

எந்தப் பக்கங்கள் என்கிறீர்களா? அதைத்தான் ஆறாம் எண் வரை தள்ளிப்போட்டேன்.

தாரணி ரகசியமாக நோட்டு எழுதுவாள். வீடு ஒரே அறை, ஐந்து பேர். அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தால் அம்மா கண்டுபிடிப்பாள், தலைக்கு மேல் அட்டத்தில் வைத்தால் தம்பி எடுத்துக் குரலை மாற்றிப் படிப்பான். அதனால் மே மாதம் ஸ்டுடியோ காலியாக இருந்த பகல்களில் நோட்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்தாள். எண்பத்து மூன்று பக்கம். எதையும் குறைந்த அளவில் எடுக்காதே, பின்னால் திருத்த முடியாது என்பது உஷா அக்காவின் சட்டம். கல்யாணப் படத்துக்குச் சொன்னதைத் தாரணி தன் கையெழுத்துக்கும் கடைப்பிடித்தாள். மிக நுணுக்கமாக, முழு வண்ணத்தில், திருத்திய சிவப்பு மை உட்பட. கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தால் ஒரு பக்கம் ஒரு ஃபிளாப்பிக்குள் அடங்கியிருக்கும். இப்போது ஒவ்வொன்றும் இருபத்தைந்து எம்பி.

அவற்றை ‘பழைய டிரைவர்கள்’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு கோப்புறைக்குள் வைத்தாள். டிரைவர் என்பது பிரிண்டர், ஸ்கேனரை ஓட்டும் நிரல். அதை நோயல் தொட மாட்டான், தொட்டால் பிரிண்டர் நின்றுவிடும்.

பிறகு நோட்டுகளைத் தானே பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டாள். இனி யாரும் படிக்க முடியாது, எல்லாம் பத்திரமாக இயந்திரத்துக்குள் இருக்கிறது என்று நிம்மதியாக வீட்டுக்கு நடந்தாள். அவ்வளவு நம்பினாள் அதை.

7

வெள்ளிக்கிழமை பகல் நோயல் தன் சிநேகிதன் ஹரிஷ்குமாருக்குப் போன் போட்டான். ஹரிஷ்குமார் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவன். அவன் சொல்லச் சொல்ல நோயல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி திருப்பிச் சொன்னான். புதுப் பதிப்பு பழையதைவிட நிறைய நினைவு வைத்துக்கொள்கிறது. ராம் நிறைந்ததும் ஹார்ட் டிஸ்கில் காலியாக இருக்கும் இடத்தை எடுத்து அதில் நினைவு வைக்கும். அந்த இடமும் இல்லையென்றால் படுத்துவிடும்.

“காலி எவ்வளவு இருக்கு பாருன்றான். இரு... நாலு ஜிபி டிஸ்க்கு. காலி அறுபது எம்பி.” நோயல் திரும்பினான். “மிச்சத்தை எவன் தின்னான்?”

தாரணி விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் புரிந்தது. குற்றம் புதுப்பதிப்புடையது அல்ல. பழைய பதிப்புக்கு மறதி அதிகம், அதற்கு அறுபது எம்பி போதும். புதியது நினைவு வைக்க விரும்புகிறது, உட்கார இடம் கேட்கிறது. அந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். எண்பத்து மூன்று பக்கம், சிவப்பு மையோடு. அவள் எழுந்தால்தான் அந்த அம்மாள் கண் திறக்க முடியும்.

“சாப்ட்டுட்டு வந்து கழுவி விட்டுடறேன்,” என்றான் நோயல். “ஏதோ பழைய டிரைவர்ஸ்னு ரெண்டு ஜிபி கிடக்குது. எந்தக் காலத்து டிரைவரு, லாரி டிரைவரா?”

உஷா அக்காவும் அவனும் சாப்பிடப் போனார்கள். மணி ஒன்று. இரண்டுக்குத் திரும்புவார்கள். மாவு மில் நின்றிருந்தது. தாரணியும் இயந்திரமும் மட்டும்.

8

இங்கே வந்து பதினோரு நாள் நின்றேன்.

ஒரு முடிவு: அவள் கோப்புறையைத் திறக்காமல், பார்த்தால் கை வராது என்று தெரிந்து, மொத்தமாக அழிக்கிறாள். (சுத்தமான முடிவு. தியாகம். படித்தவுடன் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அவளைக் கேட்காமல் ஏன் அவளைத் தியாகியாக்குகிறேன்?)

இன்னொரு முடிவு: நோயல் வந்ததும் அவள் சொல்கிறாள், “நோயல் அண்ணா, அது டிரைவர் இல்ல. என்னோடது.” அவன் ஹரிஷ்குமாரின் கம்பெனியிலிருந்து சிடிகளில் எழுதி வாங்கித் தருகிறான், ஒரு வார்த்தையும் படிக்காமல். (இந்த முடிவை இரண்டு முறை எழுதினேன். அந்தக் கடைசிச் சொல்லை அவள் வாயிலிருந்து வரவழைக்க என்னால் முடியவில்லை. என் வாயிலிருந்தும்தான்.)

மூன்றாவது: கணினி தெரிந்த வாசகர் இதற்குள் கேட்டிருப்பார், இப்போதாவது கறுப்பு வெள்ளையாக்கி ஃபிளாப்பியில் போடலாமே? போடலாம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம். ஒரு மணி நேரத்தில் இருபது பக்கம். எந்த இருபது? (அவள் அப்பாவைப் பற்றி எழுதியதா, பள்ளிக்கூடத்தின் கடைசி நாளா, யாருக்கும் சொல்லாத... வேண்டாம்.)

9

எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மணிக்கு நோயல் வந்து பார்த்தபோது டிஸ்கில் இரண்டு ஜிபிக்கு மேல் காலியாக இருந்தது. அவன் தாரணியைப் பார்த்தான். அவள் திரையைப் பார்த்தாள். அவன் டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

ஏழாவது முறை பெட்டி வரவில்லை. கண் முகத்தோடு ஒன்றானது. ஆனால் பார்வையில் உயிர் இல்லை. கண்மணியில் ஒரு துளி வெளிச்சம் வேண்டும், ஃபிளாஷ் விழுந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. தொழில் தெரிந்த எல்லோரும் அதைக் கடைசியில்தான் வைப்பார்கள். தூரிகையால் வைத்தால் சுண்ணாம்பு மாதிரி இருக்கும், எங்கிருந்தாவது உண்மையான வெள்ளையை எடுத்து ஒட்டினால்தான் கண் பார்க்கும். அதற்காக அவள் முன்பே ஒரு சின்னத் துண்டை எடுத்துத் தனியாகச் சேமித்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை லாவண்யா வந்தாள். படத்தை வாங்கி மேஜையில் வைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்றாள். இடப்பக்கம் நகர்ந்தாள், வலப்பக்கம் நகர்ந்தாள்.

“எங்க போனாலும் என்னையே பாக்குதுங்க,” என்றாள்.

படக் கோப்பை மூடியபோது ஓரப் பட்டியல் வெறுமையாகிவிட்டது. அது அப்படித்தான். படம் இருக்கும், அதற்கு வந்துசேர்ந்த வழியை இயந்திரம் மறந்துவிடும். அதனால்தான் இந்தப் புதிய நோட்டில் நான் எதையும் கிழிக்காமல் விட்டிருக்கிறேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நான்காவதாக ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால், திருப்பத்தூரில் அந்த வீட்டுக்குப் போக வாய்த்தால், மாலையை லேசாக ஒதுக்கிவிட்டு இடது கண்ணின் மணியைப் பாருங்கள். பூதக்கண்ணாடி வேண்டியிருக்கும். அந்த வெள்ளைப் புள்ளியின் குறுக்கே, மயிரிழையில் பாதி அளவுக்கு ஒரு நீலக்கோடு ஓடும். கோடு போட்ட நோட்டில் இருக்குமே, அது.

அந்தக் கோட்டின் மேல் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.