வாயுத் தொல்லை

வார்டுக் கதவு முழுதாகச் சாத்தவில்லை. மூக்கில் குழாயும் கையில் டிரிப்ஸுமாகக் கட்டிலில் கிடந்த டிரைவிங் டீச்சருக்கு, வராந்தாவில் அறுவை மருத்துவர் பேசுவதும் தன் கணவரும் அண்ணனும் தலையாட்டுவதும் நன்றாகத் தெரிந்தது. தன் வயிற்றைப் பற்றித் தன்னைத் தவிர எல்லாரும் பேசுகிறார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவர் மருந்துக்கடைக்காரர். சாப்பிட்டதும் அவளுக்கு வயிறு இழுத்துப் பிடிக்கும்போதெல்லாம், "கேஸ்தான், இதைப் போட்டுக்கோ" என்று ஒரு மாத்திரை அட்டையைக் கையில் திணிப்பார். சொந்தமாக மருந்துக்கடை இருக்கும்போது டாக்டர் எதற்கு? மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினார்கள். அவள் இளைத்தபோதுகூட, "நல்லதுதானே" என்றார் அந்த மகானுபாவர். நேற்று காரில் பாடம் நடத்தும்போதே பச்சையாக வாந்தி. வயிறு ஊதிக் கல்லாகிவிட்டது.

"அவகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டா. குடல் முறுக்கிக்கிச்சுன்னு சொல்லிடுவோம்" என்று கணவர் கெஞ்சுவது காதில் விழுந்தது. அவ்வளவுதான். டிரிப்ஸ் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"தாங்குறதும் தாங்காததும் என் பாடு. என்கிட்டயே சொல்லுங்க டாக்டர்."

"நீ போய்ப் படும்மா" என்று அண்ணன் பதறினார்.

மருத்துவர் அவளைப் பார்த்துத் திரும்பி நின்றார். "சிறுகுடல்ல ஒரு கட்டி வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. புற்றுநோயா இருக்கலாம். அந்த இடத்துல வர்றது ரொம்ப அபூர்வம். அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேர்த்துத் தைக்கணும். இன்னைக்கே."

அவள் ஸ்டாண்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். பயம்தான், மறைக்கவில்லை.

"வெட்டுங்க. ஆனா என்ன இருந்துச்சுன்னு முதல்ல எனக்குத்தான் சொல்லணும்."

அறுவைக்குப் பிறகு தினமும் காலையில் மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "காத்து பிரிஞ்சுதா?" தைத்த குடல் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சியாம். அத்தனை மாதம் வாயுவை விரட்டிய கணவர், இப்போது அது வராதா என்று கட்டிலருகே தவம் கிடந்தார். ஒருவழியாக வந்தபோது பக்கத்துக் கட்டில் அம்மாள் கைதட்டியே விட்டாள்.

மருத்துவர் வாக்குத் தவறவில்லை. சோதனை முடிவு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளிடமே சொன்னார். புற்றுநோய்தான். கட்டியை முழுதாக எடுத்தாகிவிட்டது. ஆனால் பக்கத்து நிணநீர் முடிச்சு ஒன்றிலும் பரவியிருக்கிறது, கீமோ மருந்து ஏற்ற வேண்டும். திரும்ப வராது என்று உறுதி சொல்ல முடியாது.

அவர் போனதும் கணவர் உடைந்தார். "நான்தான்... நான்தான் கேஸு கேஸுன்னு..."

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆத்திரமும் அடங்கவில்லை.

"ஆமா, நீங்கதான்" என்றாள். "அதுக்கு உங்ககூட வருஷக்கணக்கா சண்டை போடவேண்டியிருக்கு. இப்ப நடக்கணும், கை குடுங்க."

தலையணையைத் தையல்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். இதுவரை போதும் என்று நர்ஸ் காட்டிய தூணையும் தாண்டினாள். "மெதுவா, மெதுவா" என்று கணவர் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார்.