பூஜ்யம் என்று பதிவானவர்கள்

அந்த மாதம் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவரின் பேட்ஜில் பதிவான கதிர்வீச்சு, மூன்றாம் நம்பர் தொட்டிக்குள் இறங்கி வேலை பார்த்த ஏழு பேரின் பேட்ஜில் இருந்ததைவிட அதிகம். பேட்ஜ்களை அளந்து பதிகிற அவள் முதலில் மெஷினைத்தான் சந்தேகப்பட்டாள். ஏழு பேட்ஜையும் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். ஏழும் பூஜ்யத்தை ஒட்டியே நின்றன.

ஆலைக்குள் நுழைகிற எல்லோரும் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் அதைக் கழற்றி அவளுடைய அறை ஜன்னலில் கொடுப்பார்கள். உடம்பு எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியிருக்கிறது என்று மெஷின் சொல்லிவிடும். ஒருவருக்கு வருடத்துக்கு இருபது மில்லிசீவர்ட் வரை அனுமதி. தாண்டினால் அந்த வருடம் முழுக்க உள்ளே விட மாட்டார்கள். பதினொரு வருடமாக அவள் இதைத்தான் செய்து வந்தாள்.

மூன்றாம் நம்பர் தொட்டி, அணு எரிபொருளைக் கரைத்த கழிவு வந்து தேங்குகிற இடம். அதன் அடிக்குழாய் ஒழுக ஆரம்பித்து இரண்டு மாதமாகிறது. மாற்றுவதற்கு கான்ட்ராக்டில் ஏழு ஃபிட்டர்களைக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் ஒருவன் அவளுடைய தங்கை கணவன். உயரத்தை வைத்து ஆலையே அவனை நெட்டை என்றுதான் கூப்பிடும். அந்த ஏழு பேரின் பேட்ஜும் போன மாதமே குறைவாகத்தான் காட்டியிருந்தது. நூற்றுக்கணக்கான எண்களுக்கு நடுவே அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, ஏழு பேரும் உள்ளே இறங்கியிருந்த நேரத்தில், அவள் தொட்டி அறை வரைக்கும் போனாள். வெளி வராந்தாவின் மூலையில் ஈயக் கற்கள் அடுக்கியிருந்தன. கதிரைத் தடுக்க வைக்கிற கற்கள். மேல் கல்லை நகர்த்தியதும் ஒரு பிஸ்கட் டப்பா தெரிந்தது. அதற்குள் புது மாதத்துக்கு அவளே கொடுத்த ஏழு பேட்ஜும் பத்திரமாகப் படுத்திருந்தன. மூன்றாவதில் நெட்டையின் எண். மூடியைப் போட்டு, கல்லைப் பழையபடி வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போனாள். நெட்டை சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லுங்க. பேட்ஜ் இல்லாமதான் இறங்கறீங்களா?"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "டப்பாவைப் பாத்துட்டீங்களாக்கா?"

"பாத்துட்டேன்."

"மேஸ்திரி ஏற்பாடு. 'உங்க பேட்ஜ் இருபதைத் தொட்டா உங்களை வெளிய அனுப்பணும், அப்புறம் நான் யாரை இறக்கறது? அந்த வளைவுல குழாய் மாட்டத் தெரிஞ்ச கை இந்த ஏழு ஜோடிதான்'னாரு. எங்களுக்கும் வெளிய போனா வேற வேலை இல்ல."

"உடம்பு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"கண்ணுக்கும் தெரியல, மூக்குக்கும் தெரியல. அதை என்னன்னு யோசிக்கறது? என்னை மாதிரி நெட்டையனை நாலா மடிச்சு அந்தப் பொந்துக்குள்ள திணிக்கறாங்க பாருங்க, அதான் பெரிய கொடுமை."

அவள் சிரிக்கவில்லை. "கையில மீட்டர் கொடுத்திருப்பாங்களே, அது என்ன காட்டுச்சு?"

"முள்ளு அந்தக் கடைசில போய் முட்டிக்கிட்டு நின்னுது. மேஸ்திரி வாங்கிப் பாத்துட்டு, மீட்டர் ரிப்பேர்னு பையில போட்டுக்கிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மீட்டர் இல்லாம இறங்கினோம்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?"

"ஒண்ணரை மணி நேரம் இருக்கும். ஒரு நாப்பது நாள் இறங்கியிருப்போம்."

தங்கை மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "இப்ப நீ என்ன பண்ணப் போற?"

"எழுதிக் கொடுக்கப் போறேன்."

"எழுதினா இவரு வேலை போயிடும். கூட இருக்கற ஆறு பேரு வேலையும் போயிடும். உன் வேலை நிரந்தரம்க்கா. உனக்கு எழுதறது சுலபம்."

நெட்டை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "விடு, அக்கா யோசிச்சுச் செய்வாங்க" என்றான். குழாயைத் திறந்து பார்த்தான். ஒழுகல் நின்றிருந்தது.

திங்கட்கிழமை பழைய அளவீட்டுப் பதிவேட்டை எடுத்தாள். தொட்டியின் அடியில் மணிக்குப் பதினைந்து என்று எழுதியிருந்தது. அறுபது மணி நேரத்தால் பெருக்கினாள். தொள்ளாயிரம் வந்தது. எங்கேயோ ஒரு சைபர் கூடிவிட்டது என்று நினைத்து மறுபடி போட்டாள். தொள்ளாயிரமேதான். நாற்பத்தைந்து வருடத்தில் வாங்கக்கூடியதை இரண்டு மாதத்தில் வாங்கியிருக்கிறார்கள். ஏழு பேருக்கும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பாதுகாப்பு அதிகாரியின் மேசையில் வைத்தாள்.

அதிகாரி நிதானமானவர். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியவரில்லை. தாளை இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னார். "மெஷின் பழுதுன்னு ஒரு வரி போடுங்கம்மா. போன மாசம் என்ன இருந்துதோ, அதையே இந்த மாசத்துக்கும் போட்டுடலாம். அதுக்கு விதியில இடம் இருக்கு."

"போன மாசம் போட்டதும் பொய்தான் சார்."

"அதுல கையெழுத்து யாரோடது?"

அவளுடையது. அவர் தாளை மட்டும் அவள் பக்கமாக நகர்த்தினார்.

அதை எடுத்துக்கொண்டு வந்து நகல் எடுத்தாள். ஆலைகளை மேற்பார்வையிடுகிற ஆணையத்துக்கு ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். போன மாதம் தான் போட்ட கையெழுத்து தவறு என்பதையும் அதில் சேர்த்து எழுதினாள். தபால் ஆபீஸிலிருந்து வெளியே வந்தபோது அவளுக்கு நிம்மதியாக இல்லை.

ஆணையத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். டப்பாவைப் படம் எடுத்தார்கள். தொட்டி வேலை நின்றது. பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது. பேட்ஜ் அணியாமல் இறங்கியது விதிமீறல் என்று ஏழு ஃபிட்டர்களும் நீக்கப்பட்டார்கள். வேலையில் சேரும்போது "எப்போதும் பேட்ஜ் அணிவேன்" என்று அவர்கள் போட்ட கையெழுத்து அதற்கு ஆதாரம். கான்ட்ராக்டருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று மேஸ்திரி சாதித்தார். அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அவளை ஸ்டோருக்கு மாற்றினார்கள், கையுறையும் முகமூடியும் எண்ணிக் கொடுக்கிற வேலைக்கு.

தங்கை பேச்சை நிறுத்திக்கொண்டாள். போன் அடித்தால் எடுப்பதில்லை. ஒருநாள் அவள் நேரில் போனபோது கதவைத் திறந்து, "அவரு தூங்கறாரு" என்று சொல்லிவிட்டுச் சாத்திவிட்டாள். உள்ளே அவன் இருமுகிற சத்தம் கேட்டது.

சாதாரணச் சளிதான். ஒரு வாரத்தில் நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே இருந்தன.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டோர் ஜன்னலில் தங்கை நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"டாக்டர் எவ்வளவு டோஸ்னு கேக்கறாரு. ஆலையில எழுதிக் கேட்டாங்க. பூஜ்யம்னு பதில் வந்திருக்கு. 'ரெக்கார்டு பூஜ்யம்னா இது கதிர்வீச்சே இல்ல, வேற ஏதோ நோய், அதைத் தேடறோம்'னு எலும்புல எல்லாம் ஊசி குத்தறாங்க." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீ எழுதினியே, அந்தத் தாளு இருக்கா?"

அவள் மேசை டிராயரைத் திறந்து நகலை எடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வார்டுக்குள் நுழையும்போது தங்கை அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் இளம்பெண். தாளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இது அதிகாரபூர்வமானது இல்லையே?"

"இல்ல. ஆனா உண்மை."

டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் குத்திக்கொண்டார். அன்றைக்கே மருந்து மாறியது. மற்ற ஆறு பேரையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டார். வந்த ஐந்து பேருக்கும் எண்ணிக்கை குறைந்தே இருந்தது. ஆறு பேரில் வயதான ஃபிட்டர் மட்டும் வரவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நெட்டை பிழைத்தான். ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது மாடிப்படி ஏற மூன்று தடவை உட்கார வேண்டியிருந்தது. பின்னால் என்னென்ன வரும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணையும் ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"என்னால உங்க வேலை போச்சு மாப்ள" என்றாள் அவள், ஒருநாள்.

"வேலை போனது உங்களால. உசிரு இருக்கறதும் உங்களாலதான். ரெண்டுக்கும் சேத்து உங்களைத் திட்டறதா கும்பிடறதான்னு தெரியல, அதான் சும்மா இருக்கேன்." சொல்லிவிட்டு அவன் சிரித்தான். மூச்சு வாங்கியது.

அதற்குள் தொட்டிக்கு வேறு ஏழு பேர் வந்துவிட்டார்கள். இந்த முறை பேட்ஜைச் சட்டையோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள் என்று ஸ்டோரில் பேசிக்கொண்டார்கள். அந்த பேட்ஜ் மேல் ஈயத் தகடு வைத்து மறைத்துக்கொள்கிறார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள்.

நெட்டை ஒரு நாற்காலியை எடுத்துப்போய் ஆலை வாசலுக்கு எதிர்ப்புறம் போட்டு உட்கார ஆரம்பித்தான். காவல்காரர் விரட்டினார். அவன் பத்தடி தள்ளிப் போட்டான். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வருகிற கான்ட்ராக்ட் ஆட்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பான்: இன்னிக்கு உள்ள எவ்வளவு நேரம்? பக்கத்தில் நின்று தங்கை நோட்டில் எழுதுவாள். முதல் வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது வாரம் ஒருவன் நெட்டையின் இருமலைக் கேட்டுவிட்டு நின்று சொன்னான். பிறகு மற்றவர்களும் சொன்னார்கள். பேர் வேண்டாம் என்றார்கள். தங்கை பேர் எழுதாமல் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தங்கையிடமிருந்து அந்த நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு நேரத்தைப் பெருக்கிப் பார்ப்பாள். தொட்டிக்குள் இறங்குகிற புது ஏழு பேரும் வீட்டுக்கே வந்து தங்கள் எண்ணைக் கேட்டார்கள். மறைக்காமல் சொன்னாள். இருநூற்றுப் பத்து. முந்நூற்று நாற்பது. ஒருவன் அப்போதே வேலையை விட்டான். மற்ற ஆறு பேரும் கேட்டுக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போனார்கள். திங்கட்கிழமை காலை உள்ளே போனார்கள்.