ஃபிளாஷ் போடவில்லை என்றேன்

எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தின் விளக்குகள் பேருக்குத்தான் விளக்குகள். டெக்சஸ் முழுக்க வெள்ளிக்கிழமை இரவு, பந்தைக் கையால் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால் ஜொலிக்கும், இங்கே மூலைகளில் முகமே தெரியாது. அந்த இருட்டில் தெளிவாகப் படம் வேண்டும் என்கிற பத்திரிகை ஆசிரியர் ஒருநாள் கோட்டோரம் முட்டி போட்டுப் பார்க்கட்டும். நான் பதினாறு வருடமாக அங்கே முட்டி போட்டுப் படம் எடுக்கிறேன். ஆடுகிறவர்கள் கண் கூசும் என்று ஃபிளாஷ் போடக் கூடாது. போட்டால் அனுமதி அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள்.

அன்று எங்கள் பள்ளி ஆட்டக்காரன் கோல்பி ரேன்ஸைப் பார்க்கவே ஒரு கல்லூரி ஆள் வந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் நான்கு வருடம் படிப்பும் சாப்பாடும் இலவசம். கோல்பியின் அம்மா நெடுஞ்சாலை விடுதியில் அறை பெருக்குகிறவள். வேறு வழியில் அவனால் கல்லூரி வாசலை மிதிக்க முடியாது.

கடைசி ஒன்பது நொடி. நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம்; எல்லைக்குள் பந்தைப் பிடித்தால் ஆறு புள்ளி, வெற்றி. பந்து நான் இருந்த மூலைக்கு உயரமாக வந்தது. கோல்பி தனியாக ஓடி வந்து, என் தலைக்கு மேல் பார்த்துக் கை நீட்டினான். எல்லோர் கண்ணும் மேலே பந்தின் மீது இருந்தது; இப்படி ஒரு படம் இனி வாய்க்காது என்று ஃபிளாஷைப் போட்டு அழுத்தினேன். பந்து அவன் மார்பில் பட்டு விழுந்தது.

"கையில எண்ணெய் தடவிட்டு வந்தியாடா?" என்று கோச் ஹட்சல் கத்தினார்.

"கண்ணுல ஃபிளாஷ் அடிச்சுது கோச். பந்தே தெரியல."

"ஆமா, நிலா வெளிச்சமும் கூசியிருக்கும். போடா!"

கல்லூரி ஆள் எழுந்து படியிறங்கிக்கொண்டிருந்தார். கோல்பி என்னிடம் ஓடி வந்தான். "சார், நீங்கதானே போட்டீங்க? அவர் காரை எடுக்கறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நடுவரும் பார்த்தார்.

"நான் போடலையே தம்பி" என்றேன். "பதினாறு வருஷமா நிக்கறேன், எனக்கு விதி தெரியாதா?"

"பழியைத் தூக்கி அவர் மேல போடறியா? மன்னிப்புக் கேளு!" என்றார் கோச்.

கேட்டான். பெரிய மனுஷன் மாதிரி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

திங்கட்கிழமை பயிற்சிக்கு முன்னால் வெள்ளிக்கிழமை ஆட்டத்தைத் திரையில் ஓட்டி அக்குவேறு ஆணிவேறாக அலசுவது வழக்கம். "அந்த மூலை வீடியோவுல விழல. நீங்க எடுத்த படத்த அனுப்புங்க, பயல்களுக்குக் காட்டணும்" என்று கோச் போன் செய்தார். படத்தில் பையன் வெளேரென்று இருந்தான், பின்னால் கும்மிருட்டு. ஃபிளாஷ் அடித்தது பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் புரிந்துவிடும். ராத்திரி உட்கார்ந்து அவன் முகத்தை மங்கலாக்கினேன், பின்னணியை வெளுக்க வைத்தேன், இரண்டு கண்மணியிலும் மின்னிய வெள்ளைப் புள்ளிகளை அழித்தேன். சுத்தமான வேலை, நானே சொல்லிக்கொள்ள வேண்டும்.

திரையில் போட்டதும் நாற்பது பேர் சிரித்தார்கள். கோல்பி மட்டும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நெடுநேரம் பார்த்தான். நான் நழுவி வெளியே வந்து காரில் சாய்ந்து நின்றேன்; அவன் என்னிடம் வந்தான். முகத்தில் கோபமே இல்லை.

"நிஜமாவே ஃபிளாஷ் இல்ல சார். நான்தான் உங்களத் தப்பா சொல்லிட்டேன்" என்றான். "ஆனா அன்னிக்கு எனக்கு எல்லாம் வெள்ளையா ஆயிடுச்சு சார். கண்ணுல ஏதோ கோளாறு. அம்மாகிட்ட சொன்னேன், ரொம்ப பயந்துட்டாங்க. பெரிய டாக்டர்கிட்ட காட்ட, கையில இருக்கறதெல்லாம் திரட்டிட்டு இருக்காங்க."

"நல்லது தம்பி" என்றேன். "கண்ணு விஷயம். சீக்கிரம் காட்டிடு."