சுவரை உரித்த தீபாவளி

ஜாலான் பேராக் பக்கத்து அடுக்குமாடியில், தரைத்தளத்தில் இருந்த சிவநேசனின் படுக்கையறை ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டே வந்தது. இது கட்டுக்கதை அல்ல. அவர் மனைவி மோகனா சீராகக் கொண்டுவந்த அலமாரி ஒரு காலத்தில் அங்கே தாராளமாக நின்றது. இப்போது அதன் கதவைத் திறந்தால் கட்டிலில் இடித்தது. காரணம் பெயிண்ட். ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் சிவநேசன் சுவரில் படர்ந்திருக்கும் கறுப்புப் பூசணத்தின் மேல் ஒரு பூச்சு அடிப்பார். தீபாவளியன்று சுவர் கல்யாணப்பெண் மாதிரி இருக்கும். பொங்கலுக்குள் கன்னத்தில் புள்ளி விழும். சித்திரைக்குள் தாடி முளைத்துவிடும். அடுத்த தீபாவளிக்கு அடுத்த பூச்சு. காலண்டர் மாட்டிய ஆணியையே சுவர் விழுங்கிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூசணமும் லேசுப்பட்டது அல்ல. அலமாரியில் தொங்கிய தோல் பெல்ட்டில் பச்சை ரோமம் அடர்ந்து வளர, மாடி வீட்டுக் காமாரியாவின் பூனை அதைத் தன் இனத்தவர் என்று எண்ணி ஒரு மத்தியானம் முழுக்க நக்கிக் கொடுத்தது. வாழ்நாளெல்லாம் மழமழவென்று சவரம் செய்துகொண்ட சிவநேசனின் அப்பா, சட்டம் போட்ட படத்துக்குள் சாமியாராகிவிட்டார்.

இதையெல்லாம் மோகனா பொறுத்துக்கொண்டாள். மூச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் விசிலடித்தது. “வீட்டுல பூசணம் இருக்கா?” என்று கிளினிக்கில் டாக்டர் கேட்டார். மோகனா கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே டாக்டருக்கு விடை கிடைத்துவிட்டது. அன்றே அவள் பையைத் தூக்கிக்கொண்டு, கடல் பாலத்தைத் தாண்டி, அக்கரையில் செபராங் ஜெயாவில் தங்கை சந்திரிகா வீட்டுக்குப் போய்விட்டாள். போன இடத்தில் விசில் நின்றுவிட்டது.

தீபாவளி நெருங்கியபோது மோகனாவிடமிருந்து போன் வந்தது.

“சனிக்கிழம வந்து பாக்கறேன். கண்ணால இல்ல, மூக்கால. வாடை இருந்துச்சுன்னா சந்திரிகா பாத்து வச்ச வாடகை வீட்டுக்கே போயிருவோம்லா. அவளுக்கு நேர் எதிர் வீடு. கதவத் தொறந்தா அவ மொகந்தான்.”

“அத்தான், தெனமும் காலையில நானே வந்து பேசிக்கிட்டு இருப்பேன்!” என்று பின்னாலிருந்து சந்திரிகா கத்தினாள்.

சிவநேசனுக்கு வியர்த்தது. சந்திரிகா நல்லவள்தான். ஆனால் பேச ஆரம்பித்தால் மூச்சு வாங்க நிறுத்தமாட்டாள். இன்னும் எப்படி உயிரோடு இருக்கிறாள் என்பதை மருத்துவ உலகம்தான் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மோகனா இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, மறுபடி விசிலடித்தால்?

கால்கள் பழக்கத்தில் ஹஸ்ருலின் பெயிண்ட் கடைக்குப் போய் நின்றன.

“மாச்சாம் பியாசா, பாக்சிக்?” வழக்கம்போலத்தானே, பெரியவரே என்று மலாயில் கேட்டபடி ஹஸ்ருல் வெள்ளைப் பெயிண்ட் டின்னை எடுத்து வைத்தார்.

சிவநேசன் டின்னைத் தொட்டார். மோகனாவின் மூக்கை நினைத்தார். கையை எடுத்துக்கொண்டார். அன்று அவர் வாங்கியது ஒரு சுரண்டி, ரப்பர் கையுறை, முகக்கவசம். ஹஸ்ருலுக்கு முகம் வாடிவிட்டது. அந்தக் கடையின் ஒரு தூண் சிவநேசன்.

வீட்டுக்கு வந்ததும் ஆர்வக்கோளாறில், கவசத்தை மாட்டவும் மறந்து, தண்ணீர்கூடத் தெளிக்காமல், தென்னந்துடைப்பத்தால் சுவரை வரட்டுவரட்டென்று தேய்த்தார். பூசணம் புகையாக எழுந்து அவர் மீசையில் குடியேறியது. தும்மினார். அந்தத் தும்மலில்தான் புத்தி திரும்பியது. தலைமுடி நரைக்கும்வரை அவர் வேலை பார்த்தது பாயான் லெப்பாஸ் கணினி சிப் தொழிற்சாலையில், ஒரு தூசி பறந்தாலும் மேனேஜர் அலறும் கிளீன் ரூமில். அங்கே காய்ந்த துணியால் எதையாவது துடைத்தவன் மறுநாள் வேலையில் இருந்ததில்லை.

பெட்டியின் அடியிலிருந்து அந்தக் கிளீன் ரூம் வெள்ளை அங்கியை எடுத்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை மாட்டிக்கொண்டார். படியிறங்கி வந்த காமாரியா அந்தக் கோலத்தைப் பார்த்ததும், கொரோனா திரும்பிவிட்டது என்று பூனையோடு மேலே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஊறவிட்டு, சுரண்டியை நுழைத்தார். பெயிண்ட் செதில் செதிலாக வரவில்லை. பலகை பலகையாக வந்தது. ஓரத்தைப் பார்த்தால் குவே லாப்பிஸ் பலகாரம் மாதிரி வரிவரியாக நிறங்கள். ரோஜா நிறம், மகள் ஷர்மினிக்குக் கல்யாணமான வருஷம். பச்சை, ஹஸ்ருல் மலிவு விற்பனை போட்ட வருஷம். பாதி மஞ்சள் பாதி நீலம், ஊரடங்கில் கடை திறக்காமல் மிச்சம் மீதியைக் கலந்து அடித்தது. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் கறுப்பாகப் பூசணம், சுகமாகப் படுத்திருந்தது.

“வருஷா வருஷம் போர்வ போத்தி வளத்திருக்கேன்,” என்றார் சிவநேசன், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும்.

எல்லாம் உரிந்த பிறகு ஒரு விசித்திரம் தெரிந்தது. சுவர் முழுக்கக் கறுத்திருக்க, சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு விசிறி அளவு இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அண்ணாந்து பார்த்தார். சன்னலுக்கு மேலே வரிசையாகக் காற்றுத் துளைகள். அவற்றை மறைத்து அவரே அடித்த பலகை. பலகையின் மூலையில் எலி கடித்த ஓட்டை. அந்த ஓட்டைக் காற்று பட்ட இடத்தில் மட்டும் பூசணம் அண்டவில்லை.

பலகை அடித்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டுக் கிளிஃபர்ட். ஒரு கிறிஸ்துமஸுக்குக் கரோக்கே பெட்டி வாங்கியவன், அடுத்த கிறிஸ்துமஸ் வரை பாட்டை நிறுத்தவில்லை. அன்று பலகை ஏறியது, பேச்சும் நின்றது. அதற்குப் பிறகு மழைநாளில் ஈரத்துணியையும் அந்த மூடிய அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டார் சிவநேசன். துணி காய்ந்தது. தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. தொழிற்சாலையில் ‘காத்து ஓடணும், காத்து ஓடணும்’ என்று ஊரையே விரட்டிய மனிதர்.

ஸ்டூல் போட்டு ஏறி ஆணிகளைப் பிடுங்கினார். பலகை விழுந்தது. காற்று வந்தது. கூடவே கிளிஃபர்ட்டின் பாட்டும் வந்தது. பிறகு பாட்டு நின்றது.

“நேசண்ணே? பலகையக் கழட்டிட்டீங்களா?”

“ஆமா.”

“சத்தமா இருக்கா?”

“இருக்கு.”

பிறகு கதவு தட்டப்பட்டது. கிளிஃபர்ட் ஒரு பெரிய மின்விசிறியை அணைத்துக்கொண்டு நின்றான். “எலிக்கிட்ட சொல்லிப் பாத்தேண்ணே, பலகையில அந்த ஓட்டைய இன்னுங் கொஞ்சம் பெரிசா கடிக்கச் சொல்லி. இந்தாங்க, செவரு காயட்டும்.”

“சனிக்கிழம வரைக்கும் பாடாதடா. அதுக்கப்புறம் பேசிக்குவோம்.”

மிச்சக் கறுப்பையும் ஈரத்துணியால் துடைத்தெடுத்தார். பெல்ட்டையும் அப்பாவின் படத்தையும் துடைத்து வெயிலில் வைத்தார். அப்பாவுக்குச் சவரம் ஆயிற்று. உள்ளே இருந்த கொடியை அவிழ்த்து வெளியே கட்டினார். அறை அகன்றுவிட்டதால், அலமாரி சுவரை விட்டு ஒரு முழம் தள்ளியே நின்றது. ஆனால் வெள்ளிக்கிழமை அந்தச் சுவர் எதிரே நின்று பார்த்தார். திட்டுத் திட்டாக உலக வரைபடம். ஒரே ஒரு பூச்சு அடித்தால் போதும் என்று கை அரித்தது. உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். இன்னும் சில்லென்று இருந்தது. கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை சந்திரிகாதான் முதலில் உள்ளே வந்தாள். “ஐயையோ அத்தான், தீபாவளிக்குச் செவரு இப்பிடியா? சொறி புடிச்ச மாதிரி இருக்கே!”

மோகனா அலமாரியைத் திறந்து முகர்ந்தாள். பெல்ட்டை முகர்ந்தாள். அலமாரிக்குப் பின்னால் தலையை நீட்டி முகர்ந்தாள். பிறகு கட்டிலில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடினாள். சந்திரிகாகூடப் பேச்சை நிறுத்தினாள்; அது தனியாகச் சொல்ல வேண்டிய அதிசயம். விசில் வரவில்லை. காற்று மட்டும் துளை வழியாக வந்துகொண்டிருந்தது.

“பெயிண்ட் அடிக்கலையா?” என்றாள் மோகனா, கண்ணைத் திறக்காமலே.

“இன்னும் காயல. நல்லாக் காஞ்சப்புறந்தான் அடிப்பேன்.”

அவள் எழுந்து சுவரைத் தடவிப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அந்தச் சுவரின் சொந்த முகத்தை இருவரும் சேர்ந்து பார்ப்பது அதுவே முதல் தடவை.

“சந்திரிகா, கார்ல என் பை இருக்கு. எடுத்துட்டு வா. அந்த வாடகை வீட்ட வேற யாருக்காச்சும் குடுத்துக்கச் சொல்லிரு.”

துளைக்கு அந்தப் பக்கமிருந்து அடக்கமான குரல் கேட்டது. “அக்கா வந்தாச்சா? அண்ணே, இப்பப் பாடலாமா?”

சிவநேசன் மனைவியைப் பார்த்தார்.

“பாடு தம்பி,” என்றாள் மோகனா. “ஆனா சாப்பாட்டு நேரத்துல வேணாம்லா.”

கிளிஃபர்ட் எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போனான். சன்னல் திரை படபடத்தது, அப்பாவின் படம் ஆடியது, மாடியில் காமாரியாவின் பூனை ஒரு முறை பதில் குரல் கொடுத்தது. சிவநேசன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நிஜமாகவே காய்ந்துகொண்டு வந்தது. துளைக்கு நேராக வாயை வைத்து, இன்னும் கொஞ்சம் தூக்கிப் பாடச் சொன்னார்.