ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்

...குன்றக்குடியும் தாண்டியாச்சு, இன்னும் நின்றபாடில்லை, நின்றுவிட்டால்கூட நிம்மதி என்றிருந்தது கருத்தையாவுக்கு, நின்றால் இறங்கலாம், பானட்டைத் தூக்கலாம், சட்டைப்பையில் புதுப் பாயிண்டும் கண்டென்சரும் தயாராக இருக்கின்றன, இரண்டு ஒயரைக் கழற்றி மாட்டினால் அம்பாசடர் பழையபடி அவருக்குத் தெரிந்த அம்பாசடர்... ஆனால் பாயிண்டுக்குப் பதிலாக நாகநாதன் செய்து மாட்டிய அந்த அலுமினியப் பெட்டி நிற்கவிட மாட்டேன் என்கிறது. நாகநாதன் அவர் மனைவி சீதையின் தம்பி, செக்காலை ரோட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன், இதோ இடது பக்கத்து சீட்டில் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பெட்டி சோப்பு டப்பா அளவுதான், உள்ளே டிரான்சிஸ்டர், ரேடியோவில் பாட்டு வரவைக்கிற அதே சாமான், அசைகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது... அசையாத ஒன்று எப்படி வேலை பார்க்கும்? இருபத்திரண்டு வருஷமாக அவர் தொட்டதெல்லாம் அசைகிறவை, தட்டுகிறவை, தேய்கிறவை, தேய்ந்தால் கண்ணுக்குத் தெரிகிறவை. பாயிண்ட் நெருப்புப் பொறியில் கருகும், அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் வெளுத்துவிடும், அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பி, காதைக் கொடுத்துக் கேட்டால், தடதடவென்று சிதறிக் கிடந்த சத்தம் ஓர் இடத்தில் கூடி வரும், அங்கே இறுக்கணும், அவ்வளவுதான் தொழில்... கேட்டால். கேட்டால்தானே.

இடது காது போய் ஒரு வருஷம் ஆகிறது, முதலில் தண்ணீர் புகுந்த மாதிரி இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை, இப்போது வலதும் ஒரு நாள் இருக்கிறது ஒரு நாள் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை, எப்படிச் சொல்ல, கண் தெரியாத தையல்காரனிடம் யார் துணி கொடுப்பார்கள்? பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஹனிபா பாய்க்கு மூன்று டாக்சி, மூன்றும் கருத்தையா கையைத் தாண்டிப் போனதில்லை, எழுபத்திநாலு பொங்கல் வரைக்கும். பொங்கலுக்கு மறுநாள் அவர் சரி பார்த்து அனுப்பிய வண்டி மானாமதுரைப் பக்கம் பேரிங் பிடித்து, எஞ்சின் உடைந்து, சவாரியோடு நடுரோட்டில் நின்றுவிட்டது. பேரிங் போகப் போகிறது என்றால் முன்கூட்டியே டொக் டொக்கென்று தட்டுமே, அன்றைக்கும் தட்டித்தான் இருக்கும், பக்கத்திலேயே நின்றார், கேட்கவில்லை. உன் கையிலிருந்து வந்த வண்டியா இது என்று மட்டும் பாய் கேட்டார், அந்த ஒன்றுதான் இன்னும் உள்ளே கிடந்து அறுக்கிறது... மதுரையில் நல்ல பட்டறை இருக்கிறதாம், பாய் விசாரித்தாராம். இன்றைக்குத் திருப்பத்தூர் வரை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு, வண்டிகள் இங்கேயா மதுரைக்கா என்று. பெட்டி நன்றாக ஓடினால் பாயிண்ட் கருகாது, மாதாமாதம் காதை வைத்துக் கேட்கிற வேலையே இருக்காது, அவருக்கு நல்லதுதானே, பிறகு ஏன் அது தோற்கணும் என்று மனசு கிடந்து ஏங்குகிறது? கேட்கிற வேலை போனால் கருத்தையா எதற்கு? பிரேக் இருக்கிறது, கிளட்ச் இருக்கிறது, அதற்கெல்லாம் டிரான்சிஸ்டர் வைக்க முடியுமா... வைப்பான், இவன் வைத்தாலும் வைப்பான்.

எதிரே லாரி வந்தது. குறுகலான ரோடு, கருத்தையா இடது ஓரம் ஒதுங்கி, கியரை எடுத்துவிட்டு நிறுத்தினார், லாரிக்காரன் ஜன்னலை ஒட்டினாற்போல வரும்போது ஊதுகுழல் ஹாரனை அமுக்கிவிட்டுப் போனான், வலது காதுக்குள் கொய்யென்று ஓர் இரைச்சல், அப்புறம் அந்த இரைச்சலும் போய்... ஒன்றுமில்லை. புழுதி பறக்கிறது, புளியமரத்துக் கிளை ஆடுகிறது, சத்தம் இல்லை. எஞ்சினும் இல்லை. சீட்டில் அதிர்வுகூட இல்லை, சார்ஜ் விளக்கு சிவப்பாக மினுக்குகிறது, நின்றுவிட்டது, பெட்டி செத்துவிட்டது, அப்பாடா... கை தானாகப் போய் ஸ்டார்ட்டரை இழுத்தது. கர்ரென்று பல்லோடு பல் அரைபடுகிற நடுக்கம் விரலில் ஏறி, தோளில் ஏறி, கடைவாய்ப் பல் வரைக்கும் வந்த பிறகுதான் புரிந்தது, எஞ்சின் நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது, அத்தனை சீராக ஓடியதால்தான் அதிர்வுகூடத் தெரியவில்லை, நின்றபடி மெதுவாக ஓடினாலும் அந்தச் சிவப்பு விளக்கு மினுக்கத்தான் செய்யும். ஓடுகிற வண்டிக்கு ஸ்டார்ட்டர் இழுக்கிறவனை மெக்கானிக் என்று சொல்வார்களா? சாவியைத் திருப்பி அணைத்தார். கண்ணாடியில் பாயின் வாய் அசைந்தது, என்ன கேட்கிறார் என்று காதில் விழவில்லை, ஆனால் தெரிந்தது. காது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தபோது நாகநாதன் பின்னால் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தான்.

“நான்தான் பாய் மச்சானை நிப்பாட்டி எடுக்கச் சொன்னேன். சூட்டுல திரும்ப எடுக்குதான்னு பாக்கணும்ல.”

பாய் தலையாட்டினார், நம்பிவிட்டார், பிழைத்தாயிற்று. மூன்று வண்டிக்கும் மாட்டிவிடலாம், திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்புகிறேன், நீயே நின்று பார்த்துக்கொள் என்று கருத்தையாவிடம் சொன்னார். சரி பாய் என்று ஒரு வார்த்தை போதும்... அந்த வார்த்தை வரவில்லை. மானாமதுரை வண்டியில் நிறைமாதக்காரி ஒருத்தியும் இருந்தாளாம், வெயிலில் இரண்டு மைல் நடந்தாளாம்.

“பாய், அவன் சும்மா சொல்றான். வண்டி ஓடுனது எனக்குக் கேக்கல, அதான் இழுத்தேன்.”

நாகநாதன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பாய் முன்சீட்டைப் பிடித்துக் குனிந்தார்.

“பொங்கலப்பவும் இதானா?”

“இதான் பாய். கேக்கலைன்னு சொல்ல வாய் வரல.”

“சொல்லியிருக்கலாம்ல.” அப்புறம் குரலை உயர்த்தி, இந்த முறை அவர் காதுக்கு எட்டும்படியாக, “திங்கக்கிழமை முத வண்டி வரும். சத்தம் என்னன்னு டிரைவர் சொல்லட்டும், கை நீ வையி.”

கருத்தையா மறுபடியும் ஸ்டார்ட்டரை இழுத்தார், ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டது, கியர் கம்பியில் உள்ளங்கையை வைத்தபோது மெல்லிசாக ஒரு துடிப்பு ஏறியது, காதில்லாமல் இவ்வளவு தெரியுமா, இத்தனை நாள் கையைக் கேட்கவே இல்லையே... வண்டி நகர்ந்தது. நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்தாற்போல இருந்தது, ஆனால் இந்தப் பயல் ஒரு நொடிகூட யோசிக்காமல் எப்படி அந்தப் பொய்யைச் சொன்னான், அப்படியென்றால் முன்னாலேயே தெரியும், யார் சொன்னது, சீதையா, சீதையிடம் அவர் மூச்சுக்கூட விட்டதில்லையே... ஆனால் சீதை இப்போதெல்லாம் வலது பக்கமாக வந்து நின்றுதான் பேசுகிறாள், படுக்கிற பாயைக்கூட இடம் மாற்றிப் போட்டுவிட்டாள், எப்போதிலிருந்து, பொங்கலுக்கு முன்னாலா பின்னாலா? ரேடியோவோடு கிடந்தவனுக்குத் திடீரென்று காருக்கு ஒரு பெட்டி செய்யணும் என்று தோன்றியது எதனால், அக்காள் சொல்லியா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை, வீட்டுக்குப் போய்க் கேட்கணும், கேட்டால் சொல்லுவாளா... சிரித்துவிட்டு உள்ளே போனாலும் போவாள்.