கழுவிய கோப்பை

ஏதென்ஸ் முழுக்கப் புதுப்புது காபிக்கடைகள் வந்துவிட்டன. அவற்றின் காகிதக் குவளையில் யாருடைய விதி படியும்? அதனால்தான் நான் ஸ்டாமாட்டிஸ் கடையை விடுவதில்லை.

அன்று மஞ்சள் வெயில் காபி ஆவியோடு சேர்ந்து மேசைமேல் மிதந்தது. குடித்து முடித்துக் கோப்பையைத் தட்டில் கவிழ்த்தேன். பிரிந்துபோன என் கணவர் பாவ்லோஸ் திரும்பி வருவாரா? கோப்பைக்குள் படிந்த காபி மண்டி காய்ந்ததும், அதன் கோலத்தைப் பார்த்துப் பக்கத்து மேசை ஃபோட்டினி அக்கா குறி சொல்வாள். காத்திருந்ததில் கண் செருகிவிட்டது.

விழித்தால் கோப்பையைக் காணோம். ஸ்டாமாட்டிஸ் குழாயடியில் நின்று அதைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி மனுஷா! என் தலையெழுத்தையே கழுவி ஊத்திட்டீங்களே!"

"கத்தாதம்மா. உன் வீட்டுக்காரர் தினமும் காலையில வருவாரு. இன்னைக்கும் வந்தாரு. கோப்பையைக் கவுத்துட்டு, 'பார்க்கப் பயமா இருக்கு, கழுவிடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு. நீயும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன்."

என் கோப்பையை அவர் பலகையில் கவிழ்த்தார். அதில் நீர் சொட்டியது. பக்கத்தில் காலையிலேயே கழுவிக் கவிழ்த்த கோப்பை ஒன்று காய்ந்து, வெயிலில் மினுங்கியது.

"இன்னொரு காபி குடிடி, பார்த்துச் சொல்றேன்," என்றாள் ஃபோட்டினி அக்கா.

"வேணாம்க்கா." ஸ்டாமாட்டிஸ் பக்கம் திரும்பினேன். "காலையில அவரு எத்தனை மணிக்கு வருவாரு?"