சாப்டாச்சு

செல்வராணி ஓடிக்கொண்டிருந்தாள். தலையில் வலைத்தொப்பி, கையில் ரப்பர் உறை, காலில் தொழிற்சாலை பூட்ஸ். பேக்கிங் லைனை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள். கார் நிறுத்துமிடத்தின் கோடியில் அந்த வெள்ளைக் கார் கிளம்பிவிட்டது.

“அக்கா, லைன் ஓடுதுலா! எங்க போற?” சூப்பர்வைசர் ஹேமநாதன் பின்னாலிருந்து கத்தினான்.

அவள் திரும்பவில்லை. கார் கேட்டைத் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது. லேபர் ஆபீசிலிருந்து இன்னொரு தடவை யார் இந்தச் சிம்பாங் ரெங்கம் பிஸ்கட் தொழிற்சாலைக்கு வரப்போகிறார்கள்?

ஐந்து மணி நேரத்துக்கு மேல் விடாமல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி ரேஹாட் கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். ஆர்டர் குவிந்ததிலிருந்து இங்கே காலை ஷிப்டுக்கு அந்த ஓய்வே கிடையாது. யாரோ லேபர் ஆபீசுக்குப் போன் செய்துவிட்டார்கள். அதே லைனில் வேலை செய்யும் லோஷினிதான் என்று ஹேமநாதன் முடிவே கட்டிவிட்டான். ரேஹாட் கேட்டு அவனோடு மல்லுக்கு நின்றவள் அவள்தானே. இன்று காலையிலேயே அவளை ஸ்டோருக்கு விரட்டிவிட்டு, “செக்கிங் முடியட்டும், அவளுக்கு இருக்கு” என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருந்தான்.

மதியம் தாண்டி அதிகாரி அமண்டா வந்தாள். சின்னப் பெண், சிரித்த முகம். ஹேமநாதன் நிழல் மாதிரி கூடவே வந்தான். நேராக ரேஹாட் பற்றிக் கேட்டால் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, லைனில் முதல் ஆளாக நின்ற செல்வராணியிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

“சாப்டீங்களாக்கா?”

“சாப்டாச்சு மிஸ்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. தோட்டத்து லயத்தில் வளர்ந்த வாய். வயிறு காய்ந்து கிடந்தாலும் வெளியாள் கேட்டால் அப்படித்தான் சொல்லவேண்டும். இல்லையென்றால் சோறு கேட்பது போலாகிவிடும். பக்கத்தில் நின்றவளும் சாப்டாச்சு என்றாள். அதற்கடுத்தவளும். அமண்டா தலையாட்டிக்கொண்டே போய்விட்டாள். ஹேமநாதனின் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் செல்வராணிக்குச் சுருக்கென்றது. சாப்டாச்சு என்றால் ரேஹாட் கிடைத்தது என்றாகிவிடுமே.

“சபாண்ணே, கேட்டத் தொறக்காதீங்க!” ஓடியபடியே கத்தினாள்.

“ஏம்மா, தீப்புடிச்சிருச்சா?” காவலாளி சபாபதி தடுப்புக் கம்பைப் பாதியில் நிறுத்தினார்.

கார்க் கண்ணாடி இறங்கியது. “என்னாக்கா?”

அவளுக்கு மூச்சு வாங்கியது. அதற்குள் ஹேமநாதன் வந்து சேர்ந்துவிட்டான். “ஒன்னுமில்ல மிஸ். அக்காவுக்கு கேஸ்ட்ரிக், வயித்து வலி. நீங்க கெளம்புங்க.”

“சாப்டவளுக்கு ஏன் தம்பி கேஸ்ட்ரிக் வருது?” என்றாள் செல்வராணி.

சபாபதி சிரிப்பை இருமலாக்கினார்.

“காலைலேர்ந்து ஒன்னும் சாப்பிடல மிஸ். நான் மட்டுமில்ல, மொத்த லைனும்தான். கேட்டதும் பழக்கத்துல சொல்லிட்டோம்.”

“லோஷினி சொல்லிக்குடுத்து அனுப்பிருக்கா மிஸ்,” என்றான் ஹேமநாதன். “கம்ப்ளேன் பண்ணதும் அவதான். நாளைலேர்ந்து அவ இங்க இல்ல.”

அமண்டா இன்ஜினை அணைத்தாள்.

செல்வராணி கை உறைகளை ஒவ்வொன்றாக உருவினாள். வியர்வையில் ஊறி விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் புள்ளைக்கு ஒன்னும் தெரியாது தம்பி. போன் போட்டது நான்தான்.”